மாமியார் தொட்ட கை

செமாண்டா, டாக்டர் நஸ்ஸாலியின் மகளைக் கட்டியது காதலால் என்று எங்கள் கட்வே பேட்டை முழுக்க நம்புகிறது. நம்பட்டும். பதினாறு வருஷமாகக் குத்துச்சண்டை வளையத்தின் மூலையில் அவனுக்கு வாளியும் துண்டும் பிடித்தவன் நான். அவனுக்கு வேண்டியிருந்தது பெண்டாட்டி அல்ல, மாமியார்.

போன பிப்ரவரியில் அவன் கை நடுங்க ஆரம்பித்தது. கிளவுஸுக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கழற்றிவிட்டால், முட்டை சுருட்டிய சப்பாத்தியைத் தின்று முடிப்பதற்குள் பாதி முட்டை சட்டையில் இருக்கும். பதினாறு வருஷம் தலையில் வாங்கிய குத்து வேறு எங்கே போகும்?

ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். சங்கத்துக்கு இருந்த ஒரே டாக்டர் நஸ்ஸாலி. மார்ச்சில் மட்டும் இரண்டு பேரை விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். ஏப்ரலில் செமாண்டா அவர் மகள் நமுலியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். ஆகஸ்டில் சேவலும் கூடையுமாகப் பெண் கேட்டுப் போனோம்.

அவன் போட்ட திட்டம் இதுதான். எங்களில் மாமியாரும் மருமகனும் ஒருவர்மேல் ஒருவர் கை படக்கூடாது, முகம் பார்க்கக்கூடாது. பட்டால் ஒபுக்கோ பிடிக்கும், கை கால் உதறும். ஆகவே நஸ்ஸாலி இனி அவனைத் தொட்டுச் சோதிக்க வழியில்லை, தொடாமலே கையெழுத்துப் போட்டாகவேண்டும். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றேன்.

“அண்ணே, இந்தப் பட்டத்துக்கு ஒன்பது வருஷமா நிக்கிறேன். ஒரே ஒரு சண்டை. அப்புறம் கை உதறினா உதறட்டும்.”

கட்டிய பிறகு நமுலிமேல் உயிரையே வைத்துவிட்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது திட்டத்தில் இல்லாதது.

டிசம்பரில் அந்தச் சண்டை வந்தது. கிழக்கு ஆப்பிரிக்கப் பட்டம், எதிரி நைரோபிக்காரன். மூன்று நாள் முன்னால் சோதனை. சங்கச் செயலாளர் கசுலே வேறு டாக்டர் தேடி அலுத்துப்போய், அறைக்கு நடுவே ஒரு படுக்கை விரிப்பைக் கட்டினார். அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் செமாண்டாவும் நானும். விரிப்பின் ஓரத்தில் கசுலே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேச்சுகூட நேரே போகக்கூடாது, கிவும்பி வழியாகத்தான் போகவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். கிவும்பி நான்.

“மாப்பிள்ளை நல்லா தூங்குறாரான்னு கேளுங்க, கிவும்பி.”

“தூங்குறியாடா?”

“தூங்குறேன்னு சொல்லுங்கண்ணே.”

“தூங்குறாராம், டாக்டரம்மா.”

“கேட்டுச்சு.”

அடுத்து ரத்த அழுத்தம். ரப்பர் கையுறை போட்டுப் பிடித்தால் தொட்டதாகுமா என்று கால் மணி நேரம் பேசினோம். கையுறை சுவர் மாதிரி, சுவர் தாண்டி ஒபுக்கோ வராது என்று கசுலே முடித்துவைத்தார்.

“கையை விரிப்புக்குக் கீழ நீட்டச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

செமாண்டா என்னைப் பார்த்தான். எட்டாவது ரவுண்டில் கால் தள்ளாடும்போது பார்க்கிற பார்வை. நான் என் கையை நீட்டினேன். வெட்கக்கேடுதான், ஒத்துக்கொள்கிறேன். கசுலே சட்டென்று கூரையில் எதையோ தேட ஆரம்பித்தார். அரங்கம் முழுக்க டிக்கெட் விற்றாகிவிட்டது அவருக்கு.

டாக்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்.

“நூத்தி எண்பது. மாப்பிள்ளைக்கு என்ன வயசு?”

“முப்பத்தொண்ணு.”

“அறுபது வயசுக்காரன் ரத்தம் ஓடுது. உப்பைக் குறைக்கச் சொல்லுங்க. சாராயத்தையும்.”

“அவன் குடிக்கிறதே இல்ல, டாக்டரம்மா” என்றேன், கொஞ்சம் ரோஷமாகவே.

“அப்படியா. ரெண்டு கையையும் நீட்டி விரலை விரிக்கச் சொல்லுங்க.”

விரித்தேன். கல் மாதிரி நின்றன. எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. செமாண்டா மூச்சு விட்டான். பட்டம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“நல்ல கை, கிவும்பி” என்றார் டாக்டர். “ஆனா குத்துறவன் முட்டி இப்படி வழவழன்னா இருக்கும்? இப்ப அவன் கையைக் காட்டுங்க.”

செமாண்டா கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டான். கையுறையை உரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு விரிப்பு கீழே விழுந்தது. நஸ்ஸாலி எங்கள் பக்கம் வந்து, மருமகனின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்து, அவன் இரண்டு கைகளையும் தன் வெறும் கைகளில் பிடித்துக்கொண்டார்.

கசுலே கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார். செமாண்டா கையை இழுத்துப் பார்த்தான், அவர் விடவில்லை. உலைமூடி மாதிரி அந்தக் கைகள் அடித்துக்கொண்டன.

“எப்ப இருந்து?” என்று அவனிடமே தணிந்த குரலில் கேட்டார்.

“பிப்ரவரி. ஒரே ஒரு சண்டைம்மா. நீங்க பாக்கலன்னு வச்சுக்குங்க.”

“இன்னொரு அடி தலையில விழுந்தா, என் பொண்ணு உனக்கு ஊட்டிவிடணும். வேளாவேளைக்கு. சாகிறவரைக்கும்.”

அவன் அழுதான். பதினாறு வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கசுலே கோப்புக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். “டாக்டர், அவன் கை நடுங்குதே.”

“நடுங்காம? நான் தொட்டுட்டேன்ல. ஒபுக்கோ ஆரம்பிச்சிடுச்சு.”

முப்பது வருஷம் மருத்துவம் பார்த்தவர், காய்ச்சலுக்கு வேர் கட்டினவனைக்கூடத் திட்டி அனுப்புகிறவர், படிவத்தில் அப்படியே எழுதினார். ஒபுக்கோ. மாமியாரின் தவறால் வந்தது. இனிச் சண்டை கூடாது. கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

சாயங்காலத்துக்குள் கட்வே கொதித்தது. சந்தையில் மாட்டோக்கே வாழைக்காய் விற்கிறவர்கள் நஸ்ஸாலியைக் கண்டால் குலையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். தேவாலயத்தில் அவர் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. செமாண்டாவுக்கோ போகிற இடமெல்லாம் நாற்காலியும் ஆறுதலும். சிங்கம் மாதிரி இருந்தவன், ஒரு பொம்பளை தொட்டுக் கெடுத்துட்டாளே என்று ஆம்பளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் கிளினிக்குக்குப் போனேன்.

“உண்மையைச் சொல்லிடுங்க, டாக்டரம்மா. நானும் வந்து சொல்றேன்.”

அவர் மாத்திரை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“சொன்னா, அடி வாங்கி மூளை கலங்குனவன்னு தெரு முழுக்க அவனைக் கூப்பிடும். அது வேணுமா அவனுக்கு?”

“உங்களைக் கண்டபடி பேசுறாங்களே.”

“மாமியாரை எந்த ஊர்ல, கிவும்பி, நல்லா பேசியிருக்காங்க?”