வெள்ளிக்கிழமையில் ஓர் ஏரி

2025 மே 9, வெள்ளிக்கிழமை. குவைத்தின் மங்காஃபில் புழுதிக்காற்று, வெப்பம் நாற்பத்தொரு டிகிரி.

ஜூன் விடுப்பில் ஐரோப்பாவின் சிறிய தலைநகரங்களில் ஒன்றான லுப்லியானாவில் தங்கி, நாளுக்கோர் ஊர் சென்று திரும்புவதெனச் சேதுராமன் அட்டவணை வகுத்திருந்தார். புதன் குகை, வியாழன் கடற்கரை, வெள்ளி ஓய்வு, சனி விமானம். மனைவி ஜெயபாரதி ஓராண்டாகக் கைப்பேசி முகப்பில் வைத்துப் பார்த்துவந்த பிளெட் ஏரிக்கு அதில் இடமில்லை.

"ஒரே ஒரு ஏரி கேட்டேன். அதுவும் மாஃபி, இல்லைன்னா எப்படிங்க?"

"நாள் இல்லையே, பாரதி."

"வெள்ளிக்கிழமை சும்மாதானே இருக்கோம்?"

"அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் எல்லாம் மூடியிருக்குமே!"

அந்நேரம் கீழே மளிகைக் கடைக்காரர் வெள்ளி நண்பகல் ஜும்ஆ தொழுகைக்குப் புறப்பட, ஷட்டர் இறங்கும் ஓசை கேட்டது. ஜெயபாரதிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அது ஐரோப்பாங்க! அங்க ஞாயிறுதான் லீவு. பதினெட்டு வருஷக் குவைத்து உங்க மண்டையில ஏறி உட்கார்ந்திருக்கு."

சேதுராமன் அட்டவணையை எடுத்தார். 'ஓய்வு' என்பதை அடித்துவிட்டு 'ஏரி' என எழுதினார். பிறகு இணையத்தில் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பேருந்துச் சீட்டுகளைப் பதிவு செய்தார். அப்போது வெள்ளி முற்பகல் மணி பதினொன்று நாற்பத்திரண்டு; பதிவுத் தளம் மூடியிருக்கவில்லை.