ஏதோ போகுது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல. பெருநாளுக்கு முந்திய கிழமை, கல்முனை பஸாரில் ஒரு புடைவைக் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே எள் விழ இடமில்லை. முதலாளிக்கு வியர்வை துடைக்கவும் நேரமில்லை. யாவாரம் எப்படி என்று கேட்டேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஏதோ போகுது" என்றார்.

எங்கள் கரையோரத்தில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. சோனக முஸ்லிம்கள், தமிழர், ஒலுவில் துறைமுகத்தில் வள்ளம் நிறைய மீனோடு வந்து இறங்குகிறவர், எல்லாருக்கும் அதே பதில்தான். நல்லாப் போகுது என்று வாய்விட்டால் கண்ணூறு பட்டுவிடும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது.

சரி, இதே கேள்வியை அரசாங்கம் கேட்டால்? அந்த யோசனையில்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் வசனம் இது:

நதீராவின் தொழில் இப்போது நன்றாக

(முடியவில்லை. கை வரவில்லை. வேறு விதமாகத் தொடங்குகிறேன்.)

2

நதீரா அரிசிமா விற்கிறவள். நாவிதன்வெளிச் சிவப்பரிசியை வாங்கி, அரைத்து, வறுத்து, பைக்கற்றில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். கணவன் மசூர் கட்டாரில் வாகனம் ஓட்டுகிறான். சட்டியில் வறுத்து வறுத்து அவளுக்குத் தோள் கழன்றுபோன காலத்தில், அரசாங்கத்தின் தொழில்முயற்சி நிலையம் ஒரு வறுக்கும் மெஷினைக் கொடுத்தது. தொழில் வளர்ந்தால் மெஷின் அவளுக்கே சொந்தம். வளராவிட்டால் வேறு ஒருவருக்குப் போகும்.

வளர்ந்ததா என்று கேட்கிறீர்கள். அயல் பெண்கள் மூன்று பேர் இப்போது அவளிடம் மா அடைக்கும் கூலியில்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். சத்தமாக வேண்டாம்.

3

நிலையத்து உத்தியோகத்தர் வில்பிரட்டை முதல் வரைவில் கடுகடுப்பான மனிதராக எழுதினேன். ஒட்டவில்லை. கதையில் ஒரு கெட்டவன் இருந்தால் பயத்திலும் ஒரு சுகம் உண்டு, பழியைப் போட ஆளிருக்கும். வில்பிரட் நல்லவர். கல்முனையில் பிறந்தவர், ஞாயிறுகளில் மெதடிஸ்த கோவிலில் பாடுகிறவர். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அவர் மேற்பார்வைக்கு வரும் நாள்களில் நதீரா மா மூட்டைகளைப் படுக்கையறையில் அடுக்கிப் போர்வையால் மூடுவாள். வேலை செய்யும் பெண்களைக் கூடத்தில் உட்காரவைத்து, தேத்தண்ணீர் கொடுத்து, விருந்தாளிகள் என்பாள். எப்படிப் போகுது என்று அவர் கேட்பார். ஏதோ போகுது சேர் என்பாள். கண்டதையும் கேட்டதையும் அவர் மேலே அறிவித்தார். வேறென்ன செய்வார்?

(பக்கக் குறிப்பு: சிரிக்கலாம். நானும் சிரித்தேன். மசூரின் கதையை அறிந்தபிறகு நிறுத்திவிட்டேன். பஸாரில் கடை வைத்திருந்த காலத்தில், ஒரு கலியாண வீட்டில், ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்டவர்களிடம், இந்த வருஷம் யாவாரம் பிச்சிக்கொண்டு போகுது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். அந்த மாதம் முடியுமுன் கடை எரிந்தது. மின்கம்பிக் கோளாறு என்றார்கள். ஓம், மின்கம்பிதான். எனக்கும் தெரியும், நதீராவுக்கும் தெரியும். ஆனாலும் சாம்பலுக்குள் நின்றபோது அவளுக்கு அந்தச் சஹனைச் சுற்றியிருந்த முகங்கள்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.)

4

மெஷினைத் திருப்பி எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தியை வில்பிரட்டே கொண்டுவந்தார். அதற்கு முன் மேலதிகாரி ஒருவர் வந்து கூட்டம் வைக்கிறார், உதவி பெற்ற எல்லாரும் சபையில் எழும்பித் தங்கள் நிலைமையைச் சொல்லவேண்டும். வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"நானும் இந்த ஊராள்தான் தங்கச்சி, எனக்கு விளங்கும். ஆனா அவருக்கு நீங்க வாயால சொல்லோணும். நல்லாப் போகுது எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

அன்று பின்னேரம் மசூர் அழைத்தான். அவள் விஷயத்தைச் சொன்னதும் வாகனத்தை வீதியோரம் நிறுத்தினான்.

"மெஷின் போனாப் போகட்டும் புள்ள. சட்டியில வறுக்கலாம். நாலு பேருக்கு முன்னால அந்தச் சொல்ல மட்டும் சொல்லிப்போடாத."

சட்டியில் வறுக்கப்போவது அவனில்லை. அந்த மூன்று பெண்களுக்கும் வேலை இராது. நதீரா அழைப்பைத் துண்டித்தாள். கோபம் வந்தது. கோபத்தைவிட வேகமாகப் பயம் வந்தது.

5

கூட்டத்தில் முதலில் எழும்பியவள் கருவாடு பொதிசெய்யும் வல்லியம்மை. "ஏதோ போகுது ஐயா" என்றாள். அடுத்தது மரத் தளபாடம் செய்யும் இன்ஷாப். அவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவரும், அதற்கடுத்தவரும். ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, ஒருவர் சொல்லை ஒருவர் நம்பாமல், எல்லாரும் அதையே சொன்னார்கள்.

மேலதிகாரி வெளியூர்க்காரர். அவர் முகம் கறுத்துவிட்டது. இத்தனை பேரில் ஒருவரும் வளரவில்லை என்றால் இந்த நிலையம் இங்கே எதற்கு என்று வில்பிரட்டைக் கேட்டார். வில்பிரட் பெயர்ப் பட்டியலைப் புரட்டினார். கடைசியாக நதீராவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

6

இந்த இடத்தில் அவள் சொல்லிவிடுகிறாள் என்று ஒருமுறை எழுதினேன். மெஷின் அவளுக்கே கிடைத்தது. ஆனால் என் கை நிற்கவில்லை. "அடுத்த கிழமை அடுக்களைப் பக்கம் ஏதோ கருகும் மணம்" என்று தானாக எழுதத் தொடங்கியது. அழித்தேன்.

ஏதோ போகுது என்று சொல்லவைத்தும் எழுதினேன். லொறி வந்து, மெஷினை ஏற்றி, ஒழுங்கையில் பின்னுக்கு

(அதையும் விட்டுவிட்டேன்.)

மாஷா அல்லாஹ் என்று சேர்த்துச் சொன்னால் கண் அண்டாது, அப்படியே எழுதலாமே என்பீர்கள். நதீராவும் அதை நம்புகிறவள்தான். ஆனால் ஈமான் நெஞ்சில் இருக்கிறது, பயம் அடிவயிற்றில் இருக்கிறது. ஒன்று சொன்னால் மற்றது கேட்பதில்லை.

7

இப்போதுதான் எனக்கு ஒன்று உறைக்கிறது. வில்பிரட்டுக்கே காட்டாமல் அவள் போர்வை போட்டு மூடியதையெல்லாம் உங்களுக்குத் திறந்து காட்டியது நான்தான். எத்தனை பேர் இதை வாசிக்கிறீர்கள், யாருடைய கண் எப்படி, எனக்குத் தெரியாது. பயத்தில் எழுதுகிறேன்.

அவள் முன் கதிரையின் முதுகைப் பிடித்தபடி எழும்பி நிற்கிறாள். கேட்கவேண்டியதை மேலதிகாரி கேட்டுவிட்டார். உண்மையை அந்த மண்டபத்தில் அவளைத் தவிரக் கண்ணால் கண்டவர் நீங்கள் மட்டும்தான். நீங்களும் பேசாமல் இருந்தால் லொறி வரும். சொல்வதானால், கண்ணூறு கழிக்க உங்கள் வீட்டில் எது வழக்கமோ அதைச் செய்துவிட்டு, மெதுவாக, அவளைப் பார்க்காமல், அந்தச் சொல்லை அவளுக்காக நீங்கள் சொல்லுங்கள்.