டிஸ்க்கோடு போகவிருந்த கல்யாணம்

“ஹார்ட் டிஸ்க் மர் கயா, மேடம்” என்றான் சோனு. செத்துவிட்டதாம்.

நான் சுந்தரவல்லி. மயூர் விஹாரில் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். அந்த டிஸ்க்கில் இருந்தது பூங்கோதையின் கல்யாணம். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவர் பேசிச் சிரிக்கிற படம் உலகத்தில் இது ஒன்றுதான். சாயங்காலம் அவளுக்கு அமெரிக்க விமானம். அதற்குமுன் டிவிடி வாங்க வருகிறாள். டேப்பா? கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதே டேப்பில் அடுத்த கல்யாணத்தை எடுத்துத் தொலைத்துவிட்டேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் நீலத் திரை வந்து நின்றது. நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைக்கு போன் செய்ததும் சோனு வந்தான். விண்டோஸ் எக்ஸ்பி சிடியைப் போட்டுப் பார்த்தான். டிஸ்க்கே இல்லை என்றது அது.

“வாரண்டி இருக்கு மேடம். நயா மில் ஜாயேகா” என்றான். புதுசு கிடைத்துவிடுமாம். டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

“பழசு?”

“வோ வாபஸ் நஹீ ஆத்தா.” அது திரும்பி வராதாம்.

என் வீட்டுக்காரர் காத்தவராயன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கெடுத்தாலும் பிரசங்கம் செய்கிற மனுஷன் இன்றைக்கு வாயே திறக்கவில்லை. சோனு படியிறங்கினான். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

“என்னங்க, நான் குளிக்கப் போனப்ப இதைத் தொட்டீங்களா?”

“இல்ல வல்லி... இந்த டிஸ்க்கு கமாண்டை வரிசை கட்டி வச்சு, கிட்ட இருக்கறத முதல்ல முடிக்குமாம். பத்திரிகையில போட்டிருந்தான். விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வருமே, அந்த பயாஸ்ல ஒரு செட்டிங்க மாத்தினா வேகமா...”

“மாத்தினீங்களா?”

“நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சேன். சொல்ல பயமா இருந்திச்சு.”

வேலியில் போற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை. பால்கனிக்கு ஓடினேன். சோனு கீழே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான்.

“பையா, ருக்கோ! ருக்கோ!” நிற்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன்.

அலுத்துக்கொண்டே ஏறி வந்தான். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான். டிஸ்க்குக்கு அந்த வித்தை தெரியுமாம். எங்கள் எக்ஸ்பியிடம் அதைப் புரிந்துகொள்கிற டிரைவர் மென்பொருள்தான் இல்லையாம். அதனால் அதன் கண்ணுக்கு டிஸ்க்கே தெரியவில்லை. திரும்ப மாட்டினான், செட்டிங்கைப் பழையபடி ஆக்கினான்.

விண்டோஸ் வந்தது. பூங்கோதையும் வந்தாள்.

திரையில் அவள் அப்பா பட்டு வேட்டியைச் சரிசெய்தபடி கேமராவைப் பார்த்துச் சிரித்தார். “என்னை ஏம்மா எடுக்கறே? பொண்ணை எடு.” பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் கண் நிறைந்தது.

“அம்மா, காலையில நான்தான்...” என்று பூங்கோதையிடம் ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

“இப்ப வாய மூடுங்க” என்றேன். “அவங்க அப்பா பேசறாரு.”