பொடிசின் பெயரில் ஒரு வண்டு

எறும்புப் புற்றுக்குள் வாழும் ஒருவகை வண்டுகளை அவள் அருங்காட்சியகத்தில் பதினேழு வருடமாக ஆராய்ந்து வந்தாள். கண்ணே இல்லாத, இரண்டு மில்லிமீட்டர் நீளப் பழுப்பு வண்டுகள். அவற்றின் முதுகு மயிர்க்கொத்தில் கசியும் சாற்றை நக்குவதற்காகவே எறும்புகள் அவற்றை ஊட்டி வளர்க்கும். இந்த வண்டுகளை இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே ஆறேழு பேர் இருந்தால் அதிகம்.

அவளுடைய ஒரே மகள் ஒன்பது வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாததால் வீட்டில் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த வருடம், மெல்லிய உணர்கொம்புகள் கொண்ட வண்டு ஒன்று கிடைத்தது. புது இனம் என்று முடிவு செய்து, அதற்கு அந்தப் பெயரையே வைத்துக் கட்டுரை வெளியிட்டாள். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவன் அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினான்.

ஆறு வருடம் கழித்து, உளுத்த மரக்கட்டைக்குள் இருந்த புற்று ஒன்றைப் பிரித்தபோது, இணைந்திருந்த ஜோடி ஒன்று கண்ணில் பட்டது. அப்படியே ஆல்கஹாலில் போட்டுக் கொண்டுவந்தாள். தடித்த கொம்புள்ள ஆண், தொண்ணூறு வருடத்துக்கு முன்பே யாரோ பெயர் வைத்த இனம். பெண், பொடிசு. இரண்டும் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும்தான். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால், முதலில் வைத்த பெயர்தான் செல்லும்.

பக்கத்து மேஜைத் தோழி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுச் சொன்னாள். "கண்டுக்காம விட்டுடுடி. யாருக்குத் தெரியப்போகுது?"

"இத நம்பி நாளைக்கு ஒருத்தன் பத்து வருஷத்தத் தொலைப்பான்டி."

சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். அவன் கை தட்டிலேயே நின்றது.

"ஒரு தடவ தூக்கிக் குடுத்தது பத்தாதா? இப்ப உன் கையாலயே அழிக்கணுமா?"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். நாலு நாள் பேச்சே இல்லை. திருத்தக் கட்டுரையாக அவள் எழுதியது ஒரே பக்கம்தான். ஆனால் எந்தப் பெயர் இனிச் செல்லாது என்று குறிக்க வேண்டிய வரியில் விரல் ஓடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கிரீஸ் படிந்த சட்டையோடு அவன் அருங்காட்சியகத்துக்கு வந்தான். அங்கே அவன் வந்தது அதுதான் முதல் தடவை.

"காட்டு."

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நுண்ணோக்கியின் மேல் வெகுநேரம் குனிந்திருந்தான்.

"கல்யாணமே முடிஞ்சிருக்கு. நம்மகிட்ட ஒரு வார்த்த சொன்னாளா பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதாள். அவனும் அழுதான். தோழி சத்தம் காட்டாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

பிறகு அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "எழுதிடு. நான் இருக்கேன்ல."

கண்ணீர் அவள் கண்ணை மறைத்தது. அவன் அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவள் தட்டினாள்.

இரண்டு மாதத்தில் கட்டுரை வெளிவந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் வண்டு எதுவும் இல்லை.