பதினேழாவது சர்வர்

"செவ்வாய்க்கிழமை நீங்க செஞ்சதை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். நான் போட மாட்டேன்."

மேலாளரிடம் இப்படி எதிர்த்துப் பேசவே கூடாது என்று, வேலையில் சேர்ந்த அன்றே அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். இதே கட்டடத்தில் இருபது வருஷம் தரை துடைத்தவள் அம்மா. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய மகளோ அப்படித்தான் பேசினாள்.

சர்வர் அறையில் பதினேழு சர்வர்கள். ஒவ்வொன்றின் நெட்வொர்க் கார்டிலும் இரண்டு போர்ட். முதலாவது, அலுவலகக் கணினிகளோடு பேசும் சாதாரண இணைப்பான ஈதர்நெட். இரண்டாவது, கோப்புகள் இருக்கும் ஸ்டோரேஜுக்கான இன்ஃபினிபேண்ட் என்ற வேறு வகை அதிவேக இணைப்பு. போர்ட் எந்த வகை என்று கார்டுக்குக் கட்டளை கொடுத்தால் உடனே மாறாது. வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த முறை சர்வரை அணைத்துத் திரும்பப் போடும்போதுதான் வேலையைக் காட்டும்.

எல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் அழகு என்று, செவ்வாயன்று மேலாளர் எல்லாப் போர்ட்டையும் ஈதர்நெட் ஆக்கினார். இரண்டாவது போர்ட்டைத் தொட வேண்டாம் என்று அவள் சொன்னதற்கு, பாடம் நடத்தாதே என்றார். அன்று எதுவும் கெடவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போனார்.

வெள்ளி காலை, வழக்கமான பராமரிப்புப் பட்டியலில் இருந்தபடி அவள் சர்வர்களை அணைத்துப் போட்டாள். பதினேழாவதில் யாரோ ஒருவருடைய கணக்கீடு ஓடிக்கொண்டிருந்ததால் அதை மட்டும் விட்டாள். மற்ற பதினாறும் ஸ்டோரேஜைத் தொலைத்துவிட்டு முழித்தன. ஆபீசே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. மதியத்துக்குள் பதினாறின் போர்ட்டையும் திருத்தி அவளே எழுப்பிவிட்டாள்.

ஆனால் இந்த சர்வர்களுக்குள் எதையும் சேமித்து வைக்க வட்டு (டிஸ்க்) கிடையாது. யார் என்ன கட்டளை கொடுத்தார் என்ற பதிவு நினைவகத்தில்தான் இருக்கும், அணைத்தால் போச்சு. மேலாளரின் தடயத்தைப் பதினாறு முறை அழித்தது அவள் கைதான். பதினேழாவதில் மட்டும் அவர் பெயரும் நேரமும் அப்படியே நின்றன.

அது அவருக்கும் உறைத்திருந்தது. அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"நீ தொட்டே, செத்துச்சு. தப்பு என்னோடதுன்னு இதுல கையெழுத்துப் போடு. போய் பதினேழையும் அணைச்சுப் போடு."

"அதுல மத்தவங்க வேலை ஓடுது. உங்க பேரும் இருக்கு."

அவர் குரலில் தேன் தடவிக்கொண்டார். "உங்கம்மா எவ்வளவு அடக்கமா இருந்தாங்க தெரியுமா? தலையே நிமிர மாட்டாங்க."

அவளுக்குக் காது மடல் சுட்டது.

"அவங்க துடைச்சது உங்க தரையை. உங்க தப்பை இல்ல."

வேலை வேண்டுமா வேண்டாமா என்று அவர் மிரட்டி முடிப்பதற்குள், கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அந்தக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"பதினேழுல இருந்த பதிவு, கம்பெனி இயக்குநருக்குப் போயாச்சு சார். ராஜினாமாவும் கூடவே போச்சு. உள்ள வர்றதுக்கு முன்னாடியே."

அவர் எழுவதற்குள் அவள் கதவைத் தாண்டியிருந்தாள். வெளியே நீளமான நடைபாதை, சற்றுமுன் துடைத்த ஈரத்தோடு பளபளத்தது. ஓரமாக, காய்ந்த இடத்தில் மட்டும் கால் வைத்து நடந்தாள்.