ஓஸ்டெண்டில் வராத இருமல்

"அக்கா வீட்டுக்குப் போனா மட்டும் இருமல் எங்க போயிடுது?"

ரொட்டிக்கடையின் பின்கட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்த மருமகள் லூட்கார்ட், மாமியார் கோடலீவுக்குப் பதில் சொல்ல வாய் திறந்தாள். நெஞ்சிலிருந்து விசில்தான் வந்தது.

"பாத்தியாடா யோரிஸ், கேட்டதும் இழுக்க ஆரம்பிச்சிட்டா."

யோரிஸ் சூட்டடுப்பிலிருந்து ரொட்டிகளை இழுத்தபடி மனைவியைப் பார்த்தான். சந்தேகம் அவனுக்கும் இருந்தது. விடுமுறைக்குக் கடலோர ஊரான ஓஸ்டெண்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்வந்தால் முகம் தெளிந்து, பாட்டு முணுமுணுத்தபடி படியேறுகிறாள். மறுநாள் மத்தியானத்துக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிடுகிறாள். வேலைக்குச் சோம்பலா, கடற்கரையில் வேறு யாராவதா? ஒருமுறை அவள் கைப்பையைத் துழாவினான். இருமல் மிட்டாய்தான் இருந்தது.

அவள் டாக்டரிடம் கிளம்பியபோது, உண்மையிலேயே அங்கேதான் போகிறாளா என்று பார்க்க அவனும் கூடவே போனான்.

"எப்பல்லாம் வருது?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

லூட்கார்டுக்கு முன்னால் அவன் முந்திக்கொண்டான். "வெளியூர் போனா வராது டாக்டர். கடைக்குள்ள வந்தாத்தான். அதான் நாங்களும் சந்தேகப்படறோம்."

டாக்டர் லூட்கார்டின் முதுகில் குழாய் வைத்துக் கேட்டாள். கருவியில் ஊதச் சொன்னாள். மருந்தை உள்ளிழுக்கவைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஊதச் சொன்னாள். முள் முன்னைவிட நன்றாக மேலே ஏறியது.

"ஆஸ்துமா. நீங்க எதைக் குத்தமாச் சொன்னீங்களோ, அதுதான் எனக்கு அடையாளம். மாவுத்தூசியா இருக்கும். ரத்தம் சோதிச்சு உறுதி பண்ணலாம். அதுவரைக்கும் மாவுப் பக்கமே போகக்கூடாது."

ரத்தமும் அதையே சொன்னது.

"ரொட்டிக்காரன் பொண்டாட்டிக்கு மாவு ஆகாதா? வெளிய சொன்னா சிரிப்பாங்க," என்றாள் கோடலீவ். "மூக்குல துணியக் கட்டிக்கிட்டு நில்லு. கடைக்கு வந்த பொம்பளை கடையிலதான் நிக்கணும். நான் நிக்கலையா?"

"உங்களுக்கு மூச்சு இருந்துச்சு, அத்தை. நின்னீங்க," என்றாள் லூட்கார்ட். கடை மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். யோரிஸ் அடுத்த தட்டை அடுப்புக்குள் தள்ளினான்.

அடுத்த மாதமே கடைத்தெருக் கோடியிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். ரொட்டிக்கடையில் அவள் சம்பளமில்லாமல் பார்த்த வேலைக்கு இரண்டு பெண்களைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியிருந்தது.

"மருமகளுக்கு உடம்பு எப்படி?" என்று யாராவது கேட்டால், கோடலீவ் ரொட்டியைத் தாளில் சுற்றியபடி குரலைத் தாழ்த்துவாள்.

"நாள் பூரா அந்தக் கடையில நிக்கிறா, ஒரு இருமல் கிடையாது. நடிப்புன்னு நான் அன்னைக்கே சொன்னேன்."