மார்போடு மார்பாக

அப்பாவின் அக்குளுக்குள் கைகொடுத்து யாரினா மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். உடம்பு கட்டிலை விட்டுக் கொஞ்சம் எழும்பி, அவளையும் இழுத்துக்கொண்டு சரிந்தது.

“முதுகால தூக்காத. முட்டிய மடக்கு,” என்றார் ஹோர்தி, மூச்சு வாங்க.

“நீங்க கொஞ்சம் ஒத்துழைச்சாத்தானேப்பா?”

“எதிராளி எங்கயாச்சும் ஒத்துழைப்பானா?”

இதயநோய் எவ்வளவோ கரைத்த பிறகும் அவர் கனமாகத்தான் இருந்தார். ஒரு காலத்தில் உக்ரைனின் அதிக எடைப் பிரிவு மல்யுத்த வீரர். ஐரோப்பியப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். ஒலிம்பிக் மட்டும் வாய்க்கவில்லை. தேர்வுப் போட்டி முடியும் தறுவாயில் அவர் கால் கோட்டைத் தாண்டிவிட்டதென்று நடுவர் எதிராளிக்கு ஒரு புள்ளி கொடுத்தார். அந்த எதிராளி ப்ரோகிப், ஸப்போரிஷ்யா நகரில் ஒரே பயிற்சிக்கூடத்தில் கூடவே வளர்ந்த நண்பர். அன்றோடு பேச்சு நின்றது. அம்மாவின் அடக்கத்துக்கு வந்தவரிடம்கூட அப்பா முகம் கொடுக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. காலையில் அப்பாவைக் கேட்காமல் ப்ரோகிப்புக்குப் போன் செய்தது யாரினாதான். ஈர விரிப்பை மாற்றியாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களை அவர் தொட விடுவதில்லை.

மின்சாரம் போய் லிஃப்ட் நின்றிருந்தது. ஏழு மாடி ஏறி வந்த ப்ரோகிப், கசகசா ரொட்டியோடு வாசலில் இரைத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அப்பாவைப் போலவே மல்யுத்தத்தில் நசுங்கிச் சுருண்ட காதுகள்.

ஹோர்தி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார். “இவன யாரு கூப்ட்டது?”

“நான்தாம்பா. என்னால முடியல.”

ப்ரோகிப் ரொட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

“கால் உள்ளதான் இருந்துச்சு,” என்றார் ஹோர்தி சுவரிடம்.

“வெளிய.”

“உள்ளடா!”

“வெளியடா. எருமை மாதிரி பின்னாடியே போன.”

ஹோர்தி திரும்பினார். “பெருசா ஒலிம்பிக் போய் என்னத்தக் கிழிச்ச? முதல் ஆட்டத்துலயே மல்லாந்துட்டு வந்த.”

“ஆமா. நீ போயிருந்தா மெடல் வந்திருக்கும்.”

ஹோர்தி அவரையே வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் குழந்தைபோல் நீட்டினார். “தூக்குடா, தடியா.”

ப்ரோகிப் முட்டியை மடக்கி, மார்போடு மார்பு ஒட்டி, முதுகுக்குப் பின்னால் விரல்களைக் கோத்தார். அப்பா தானாகவே அவரைச் சுற்றிக் கைபோட்டு, தோளில் தாடையை வைத்தார். இருவரும் ஒரே அசைவில் எழுந்தார்கள். யாரினா ஈர விரிப்பை உருவினாள்.

“இடது பக்கம் சாயிற,” அப்பா முனகுவது கேட்டது. “இன்னும் அதே தப்பு.”

“பேசாம இருடா.”

அவள் புதிய விரிப்பைப் போட்டு, ஓரங்களை மெத்தைக்கடியில் செருகி, நிமிர்ந்தாள்.

“போட்டாச்சு மாமா. படுக்க வையுங்க.”

ப்ரோகிப் அசையவில்லை. கண்களை மூடியிருந்தார். அவர் முதுகில் இருந்த அப்பாவின் கைகள் மெல்ல வழுக்கித் தொங்கின.

“கனம் மாறிருச்சும்மா,” என்றார்.

யாரினா அப்பாவின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். சூடு இருந்தது; மூச்சு இல்லை. ப்ரோகிப்பின் விரல்கள் இன்னும் கோத்தபடியே இருந்தன.

“விரிப்பு சுருங்கியிருக்கு மாமா,” என்றாள். “கொஞ்சம் பொறுங்க.”

சுருக்கமே இல்லாமல் செருகிய ஓரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, விரிப்பை உதறி, முதலிலிருந்து போடத் தொடங்கினாள்.